அட்டையில் பெயர் மட்டும்

மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் அப்பா ஸ்கிரீன் பிரிண்டிங் கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, பில் புக், விசிட்டிங் கார்டு என்று வேலை வரும். அடித்துக் கொடுத்த ஒவ்வொரு கார்டிலும் ஒன்றை எடுத்துச் செருப்புக்கடை அட்டைப்பெட்டியில் போட்டு வைப்பது அவர் வழக்கம். படிப்பை முடித்துவிட்டு 2001ல் நான் கடையில் உட்கார்ந்தபோது அப்படிப் பதினோரு பெட்டிகள் பரணில் இருந்தன. ஐப்பசி மழையில் வேலை வராத ஒரு மதியம், ஒரு பெட்டியை மேஜையில் கொட்டி, கைக்கு வந்த நாற்பது கார்டுகளின் எண்களுக்கு ஒவ்வொன்றாகப் போன் செய்தேன். பதினாலு எண்களில்தான் கார்டில் பெயர் இருந்த ஆள் கிடைத்தார். சிலவற்றில் மணியே அடிக்கவில்லை. சில வேறு யார் வீட்டிலோ ஒலித்தன. ஒரு டாக்டரின் எண்ணை எடுத்த அம்மா, "நாலு வருசமா இதே ரோதனைதான், அந்த டாக்டர் எங்க போனாருன்னு எங்களுக்குத் தெரியாதுங்க" என்றார்.

அந்த டாக்டர் அதே மதுரையில், இரண்டு தெரு தள்ளி நல்லபடியாகத் தொழில் செய்துகொண்டிருந்தார். அவர் பெயர் மாறவில்லை, முகம் மாறவில்லை, கைராசி மாறவில்லை. மாறியது ஆறு இலக்கம். ஆனால் 500 பேர் சட்டைப்பையிலும் பூஜை அறைக் காலண்டருக்குப் பின்னாலும் இருந்த கார்டு அத்தனையும் அந்த ஆறு இலக்கத்தால் செத்துப்போயிருந்தது. எங்களுக்கு அது வருமானம்தான். "நம்பர் மாறிடுச்சுண்ணே, மறுபடி ஐநூறு போடுங்க" என்று வருவார்கள். காசு குறைவாக இருந்தால், பழைய எண்ணின் மேல் ஒட்ட ஸ்டிக்கர் அடித்துத் தருவோம். யாரிடம் ஏற்கெனவே கார்டு போய்விட்டதோ அவர் கையில் போய் ஸ்டிக்கர் ஒட்ட முடியாது. அந்த மழை மதியம்தான் இது என் மனதில் தைத்தது. அடுத்த 20 வருடம் நான் செய்த தொழில் முழுவதும் இதற்கு விடை தேடியதுதான்.

டொமைன் என்பது என்ன என்று எனக்கு முறையாகச் சொல்லித்தர ஆள் இல்லை. கீழ்த்தளத்து பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் படித்தேன். படித்ததில் என்னை உட்கார வைத்தது அதன் பிறப்புக் கதை. இன்டர்நெட்டுக்கு முன்னோடியான ஆர்பாநெட்டில் எந்தக் கணினிக்கு எந்த எண் என்ற பட்டியல் ஒரே ஒரு கோப்பாக இருந்தது. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற பெண்மணியின் குழு அதைப் பராமரித்தது. புதிய கணினி சேர்ந்தால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் எழுதிச் சேர்ப்பார்கள். மற்ற எல்லோரும் அவ்வப்போது அந்தக் கோப்பை நகல் எடுத்துக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக, நகல்கள் பழசாகிக்கொண்டே போயின. 1983ல் பால் மொகபெட்ரிஸ் என்பவர் வேறு வழியை எழுதி வெளியிட்டார். எண்ணை ஊருக்கெல்லாம் நகல் எடுத்துக் கொடுக்காதே, பெயரை மட்டும் கொடு. எண் வேண்டும் என்கிறபோது அந்தப் பெயருக்கு உரியவரிடமே கேட்டுக்கொள்ளட்டும். அதுதான் டிஎன்எஸ்.

படித்துவிட்டு நேராகக் கடைக்கு வந்து பரணைப் பார்த்தேன். அப்பாவின் பதினோரு பெட்டியும் மென்லோ பார்க் கோப்பும் ஒரே நோயால் அவதிப்பட்டவை. கணினிக்காரர்கள் மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள். கணினிக்குச் செய்ததை மனிதருக்கும் செய்யலாமே என்று தோன்றியது. இப்படி யோசித்தவர்கள் உலகத்தில் பலர் இருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

முதல் சில வருடங்கள் சாதாரண வேலைதான். கடைக்காரர்களுக்கு டாட் காம் பெயர் பதிந்து, ஒரு பக்கத்தில் விலாசமும் போன் எண்ணும் போட்டுக் கொடுப்பேன். 2005ல் டாட் இன் பெயர்களைப் பதிவது எளிதாக்கப்பட்டது. அதன்பின் வாடிக்கையாளர் கூடினார்கள். ஆனால் அவர்களுக்கு வேண்டியிருந்தது வெப்சைட் என்ற பெருமை. ஓடுகிற எழுத்தும் பூ படமும் கேட்பார்கள். நம்பர் எங்கே என்று பார்த்தால் அது ஐந்தாவது பக்கத்தின் அடியில் இருக்கும்.

2008 டிசம்பரில் டாட் டெல் என்ற புதுப் பெயர்வெளி முதல்கட்டப் பதிவுக்குத் திறந்தது. 2009 மார்ச் 24 முதல் யார் வேண்டுமானாலும் பதியலாம் என்றானது. லண்டனைச் சேர்ந்த ஒரு நிறுவனம் நடத்தியது. அதன் விதிகளைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அந்தப் பெயரின் கீழ் வெப்சைட் வைக்க முடியாது. உன் போன் எண், ஈமெயில், கடை விலாசம், மேப்பில் நீ இருக்கும் புள்ளி ஆகியவைதான் அங்கே இருக்கலாம். அவையும் ஏதோ ஒரு சர்வரில் பக்கமாக இல்லாமல், டிஎன்எஸ் பதிவுகளுக்குள்ளேயே இருக்கும்.

டிஎன்எஸ்ஸில் பலவகைப் பதிவுகள் உண்டு. ஏ என்பது கணினியின் எண்ணைச் சொல்லும். எம்எக்ஸ் என்பது கடிதம் எந்தச் சர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்லும். நாப்டர் என்று ஒன்று இருக்கிறது; ஒரு பெயரை எந்தச் சேவை வழியாக, எந்த முகவரியில், எந்த முன்னுரிமையில் அணுகலாம் என்று எழுத அதில் இடம் உண்டு. போன் எண்ணையே திருப்பிப்போட்டு டொமைனாக்கும் ஈனம் என்ற ஏற்பாட்டுக்கு இதைத்தான் பயன்படுத்தினார்கள். அது தொலைபேசி நிறுவனங்களின் வேலை, எங்களைப் போன்ற தெருமுனை ஆட்களுக்கு எட்டவில்லை. டாட் டெல்லில் அதே நாப்டர் எங்கள் கைக்கு வந்தது. பெயரைக் கேட்டால் எண்ணே பதிலாக வரும். நடுவில் பக்கம் இல்லை, படம் இல்லை. அன்றைய நோக்கியா போனில், நொண்டி நொண்டி வரும் ஜிபிஆர்எஸ்ஸில்கூட ஒரு நொடியில் வந்து நின்றது.

அதை நான் முதலில் எடுத்துக்கொண்டு போனது ஒரு நாதஸ்வர வித்துவானிடம். அப்பா காலத்திலிருந்து எங்கள் வாடிக்கை. கோயில் உற்சவம், கல்யாணம் என்று மதுரையிலிருந்து பினாங்கு வரை போய் வாசிப்பவர். நாதஸ்வரக்காரருக்குப் போன் என்றால் சும்மா இல்லை. தை பிறந்ததும் முகூர்த்த நாள் பார்ப்பார்கள், மண்டபம் பிடிப்பார்கள், உடனே மேளத்துக்குச் சொல்லிவிட வேண்டும். இந்த எண் கிடைக்கவில்லை என்றால் அடுத்த செட்டுக்குப் போய்விடுவார்கள். ஒரு மாசி மாதம் அவருடைய போன் தொலைந்து, புது எண் வாங்கி, அந்த வருட வைகாசி முகூர்த்தங்கள் பாதி கைவிட்டுப் போயின. எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றிக்கொள்ளும் வசதி நாடு முழுக்க வந்தது 2011 ஜனவரியில்தான். அதற்கு முன் கம்பெனி மாறினால் எண்ணும் மாறும்.

"ஐயா, இனிமே கார்டுல நம்பர் வேண்டாம். உங்க பேரை மட்டும் போடுவோம். நம்பர் அதுக்குப் பின்னாடி இருக்கும். எத்தனை தடவை வேணாலும் மாத்திக்கலாம், கார்டு மாறாது" என்றேன்.

அவர் வெற்றிலையை மடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப நம்ம பேரே நம்பர் மாதிரிங்கிற."

"ஆமாங்கய்யா."

"சரி தம்பி. ஆனா கண்ணு தெரியாத பெருசுக கார்டைப் பார்த்துத்தான் டயல் பண்ணும். அதுக்கு ஒண்ணு சின்னதா போட்டுரு."

அப்பாவும் அதையே சொன்னார்: நம்பர் இல்லாத கார்டை யார் மதிப்பார்கள் என்றார். பெயரும் டாட் டெல்லும் பெரிய எழுத்தில், லேண்ட்லைன் எண் கீழே சின்னதாக. அப்பாவே ஸ்கிரீன் கட்டி, மெரூன் மையில் அடித்தார்.

அது வேலை செய்தது. அந்த ஆண்டு ஆவணியில் அவர் பினாங்குக்குக் கோயில் உற்சவத்துக்குப் போனார். போய் இறங்கிய அன்று அங்கே வாங்கிய எண்ணை மகன் எனக்குச் சொன்னான். கடையில் உட்கார்ந்தபடி அந்த எண்ணை முதலாவதாகவும், மகனின் எண்ணை இரண்டாவதாகவும் போட்டேன். மூன்றாம் நாள் சென்னையிலிருந்து ஒருவர் கார்டில் பார்த்து, பெயரை அடித்து, பினாங்கு எண்ணுக்கே கூப்பிட்டு ஐப்பசியில் ஒரு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் பேசி முடித்தார். இந்தச் செய்தியைக் கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. செருப்புப் பெட்டிக்குள் கிடந்த கார்டு கண் திறந்து பார்த்தது போல இருந்தது.

டாட் டெல்லில் இன்னொரு வசதியும் இருந்தது, அதை இன்றைக்கும் மனதார மதிக்கிறேன். சில எண்களைப் பூட்டி வைக்கலாம். ஊருக்குத் தெரிவது கடை எண். வீட்டு எண் யாருக்கு நான் அனுமதி தந்தேனோ அவர் கண்ணுக்கு மட்டும், அவருடைய சாவியால் திறக்கும்படி மறைகுறியாக்கி, அதே டிஎன்எஸ்ஸில் கிடக்கும். ஆனால் பார்ப்பவருக்கும் அதில் ஒரு கணக்கு இருக்க வேண்டும். என் வாடிக்கையாளர்களில் ஒருவருடைய சொந்தக்காரருக்குக்கூட அப்படி ஒரு கணக்கு இல்லை. யாருக்கு எவ்வளவு சொல்வது என்ற கேள்வி சரியான கேள்வி. அதற்கான விடைதான் ஊர் வரை வந்து சேரவில்லை.

அந்தக் கேள்வியை நான் எவ்வளவு அலட்சியமாக எடுத்துக்கொண்டிருந்தேன் என்பதை 2014ல் கற்றேன். பழங்காநத்தம் பக்கம் ஒரு சகோதரி வீட்டிலேயே ஆரி வேலை செய்து மணப்பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தார். கடையின் பெயரில் டாட் காம் வேண்டும் என்றார். பெயர் அவருக்கே சொந்தமாக இருக்கவேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். எத்தனையோ பேர் வாடிக்கையாளரின் டொமைனைத் தங்கள் பெயரில் பதிந்துகொண்டு, பிறகு பிணை போல வைத்திருப்பதைப் பார்த்தவன் நான். அதனால் பதிவுப் படிவத்தில் அவருடைய பெயர், வீட்டுக் கதவு எண், தெரு, அவருடைய செல் எண் எல்லாவற்றையும் உள்ளபடி நிரப்பினேன். விவரம் உண்மையாக இருக்க வேண்டும் என்பது விதியும்கூட.

அந்த விவரம் அத்தனையும் ஹூயிஸ் என்ற பொதுப் பதிவேட்டில் போய் உட்கார்ந்தது. 1982லிருந்து இருக்கும் ஏற்பாடு அது. நெட்வொர்க்கில் கோளாறு என்றால் யாரைக் கூப்பிடுவது என்று ஆராய்ச்சிக்காரர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்துகொள்ள வைத்தது. உலகமே உள்ளே வந்த பிறகும் கதவைச் சாத்தவில்லை. மறுநாளே வெப்சைட் செய்து தருகிறோம், லோகோ செய்து தருகிறோம் என்று அழைப்புகள் தொடங்கின. அதை அவர் பொறுத்துக்கொண்டார். மூன்றாவது வாரம் ஒருவன் இரவு பதினோரு மணிக்குக் கூப்பிட்டு, அவர் பெயரைச் சொல்லி, கதவு எண்ணைச் சொல்லி, வீட்டில் தனியாகத்தான் இருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறான்.

காலையில் கடைக்கு வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "அண்ணே, கடைக்கு விளம்பரம் பண்ணச் சொன்னேன். என் வீட்டு வாசலை யாரு சொல்லச் சொன்னது?" என்றார்.

பதில் இல்லை என்னிடம். அதே மணிநேரம் மறைப்புச் சேவை வாங்கி, பதிவேட்டில் அவருடைய விவரங்களுக்குப் பதிலாக அந்தச் சேவையின் விவரங்கள் தெரியும்படி மாற்றினேன். ஆனால் பதிவேட்டைத் தினமும் அள்ளி நகல் எடுத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று வாரம் திறந்து கிடந்ததைத் திரும்ப வாங்க முடியாது. அவர் செல் எண்ணை மாற்றிவிட்டார். எண் மாறுவதால் ஆள் தொலையக் கூடாது என்று தொழில் தொடங்கியவன் நான். என் கையாலேயே ஒரு பெண் தன் எண்ணை மாற்ற வேண்டி வந்தது. அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நடுவில் கோடு போடுவேன். ஊருக்குத் தெரியவேண்டியது ஒரு பக்கம், தெரியக் கூடாதது மறுபக்கம். இதை வாடிக்கையாளர் கையாலேயே எழுத வைப்பேன். பெண்கள் இதில் அரை நிமிடம்கூடத் தயங்கமாட்டார்கள். ஆண்கள்தான் "எல்லாமே போடுங்கண்ணே, என்ன இருக்கு" என்பார்கள். அப்படிச் சொன்னவர்களிடம், உங்கள் வீட்டுக்காரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறேன்.

டாட் இன் பெயர்களில் மறைப்புச் சேவைக்கு இடம் தரப்படவில்லை. அங்கே வீட்டிலிருந்து தொழில் செய்கிறவர்களுக்குத் தபால் பெட்டி எண் எடுக்கச் சொன்னேன், பதிவுக்கென்று தனி சிம் வைக்கச் சொன்னேன். 2018 மே மாதம் ஐரோப்பாவின் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், டாட் காம் போன்றவற்றின் பதிவேடுகளில் தனிநபர் விவரங்கள் மறைந்தன. எங்கோ பிரஸ்ஸல்ஸில் எழுதிய சட்டம் பழங்காநத்தத்து வாசற்கதவைச் சாத்தியது. நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல்தான் நிறைவேறியது. 2025 ஜனவரியில் ஹூயிஸ் கட்டாயம் என்பதே விலகி, ஆர்டேப் என்ற புதுமுறை அதன் இடத்துக்கு வந்தது. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

இதற்கு நடுவே, 2017ல் டாட் டெல்லின் விதி மாறியது. தொடர்பு விவரங்களை டிஎன்எஸ்ஸுக்குள் வைத்துப் பராமரித்துத் தரும் ஏற்பாடு நிறுத்தப்பட்டு, அதுவும் மற்ற டொமைன்களைப் போல எந்த வெப்சைட்டுக்கும் பயன்படுத்தலாம் என்றானது. காரணம் ஊகிக்கக் கடினமில்லை. 2009ல் எல்லோர் கையிலும் பட்டன் போன். எட்டு வருடத்தில் எல்லோர் கையிலும் தொடுதிரை. நான்கு பேரிடம் சேர வேண்டிய எண் வாட்ஸ்அப்பில் போய்விட்டது. எங்கள் வித்துவான் உட்பட முப்பத்துச் சொச்சம் பெயர்கள் என் பொறுப்பில் இருந்தன. அத்தனையும் நானே எழுதி நானே காக்க வேண்டியவையாகிவிட்டன.

ஒரு சின்ன நிரல் எழுதினேன். டாட் காம்மோ டாட் இன்னோ, எந்தப் பெயரிலும் நாப்டர் பதிவு வைக்கத் தடை இல்லை. பதிவுகளை எங்கள் நேம் சர்வரில் வைத்து, அவற்றைப் படித்து ஒரு எளிய பக்கமாகக் காட்டும்படி செய்தேன். கூடவே ஒரு விகார்டு கோப்பு. தட்டினால் போனின் தொடர்புப் பட்டியலில் அப்படியே சேர்ந்துவிடும். பெயர்கள் இடம் மாறும்போது கவனிக்க வேண்டியது ஆயுள். டிஎன்எஸ் விடை ஒவ்வொன்றுக்கும் இத்தனை வினாடி செல்லும் என்று ஓர் ஆயுள் உண்டு. அதுவரை உலகத்தின் பிற சர்வர்கள் பழைய விடையையே நினைவில் வைத்துச் சொல்லும். 86,400 வினாடி என்று வைத்திருந்தால் நீங்கள் எண்ணை மாற்றிய பிறகும் ஒரு நாள் பழைய எண் ஒலிக்கலாம். அதனால் மாற்றத்துக்கு முதல் நாளே ஆயுளை 300 ஆகக் குறைத்து, மாற்றி, சரிபார்த்து, பிறகு உயர்த்துவோம். நேம் சர்வரையே மாற்றும்போது இதுவும் போதாது. டாட் காம்மின் மேல்மட்டச் சர்வர்கள் அந்த விவரத்துக்கு வைத்திருக்கும் ஆயுள் 1,72,800 வினாடி, இரண்டு முழு நாள். அதில் நாம் கை வைக்க முடியாது. பழைய சர்வரையும் இரண்டு நாள் அணைக்காமல் ஓட விட வேண்டும். வளர்பிறை முகூர்த்தம் இருக்கும் வாரத்தில் வித்துவானின் பெயரில் கை வைக்கக்கூடாது என்று காலண்டரில் குறித்து வைத்திருந்தேன்.

தமிழிலேயே டொமைன் வேண்டும் என்று கேட்கிறவர்கள் நடுவில் வரத் தொடங்கினார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ழகரம் உள்ள பெயரை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பத்துப் பேர் நான்கு விதமாக எழுதுகிறோம். கார்டைப் பார்க்காமல் காதில் கேட்டு அடிக்கிறவர் எதை அடிப்பார்? டாட் இலங்கை 2010லும், டாட் சிங்கப்பூர், டாட் இந்தியா 2011லும் தமிழ் எழுத்திலேயே வேர்ப்பட்டியலில் சேர்ந்தன. ஆனால் தமிழில் வேறு குழி இருந்தது. 'ஸ்ரீ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்கலாம். ஸகரத்தில் தொடங்கலாம், 2005ல் சேர்க்கப்பட்ட ஶகரத்திலும் தொடங்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு வேறு. நம் ஊரில் ஸ்ரீ இல்லாத கடைப்பெயர் குறைவு. ஒரு ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் போனில் அடித்தால் பக்கம் வருகிறது, கடைக் கணினியில் அடித்தால் வரவில்லை என்று இரண்டு நாள் என்னோடு சண்டை போட்டார். இரண்டு கீபோர்டும் இரண்டு ஸ்ரீயை அடித்தன. பெயரிலிருந்து அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை, அது அவர் அம்மா வைத்த பெயர். கார்டில் கியூஆர் கட்டம் அடித்து, அதற்குள் சரியான வடிவத்தை வைத்தோம். கட்டத்துக்குள் போன் எண்ணை வைக்காதீர்கள் என்பதை மட்டும் எல்லாரிடமும் சொல்கிறேன். எண் மாறினால் கட்டமும் பழைய கார்டுதான். கட்டத்துக்குள் டொமைன் இருக்கட்டும்.

இவ்வளவும் ஒரு பெயர் உங்கள் கையில் இருக்கும்வரைதான். டொமைனை வாங்கினேன் என்று சொல்வார்கள், அது வாங்குவது இல்லை. ஓர் ஆண்டு முதல் பத்து ஆண்டு வரை குத்தகை. குத்தகை முடிந்தால் டாட் காம் பெயருக்கு அதிகபட்சம் 45 நாள் தயவு, அது பதிவாளரைப் பொறுத்துக் குறையும். பிறகு மீட்புக் காலம் 30 நாள், அதில் அபராதம் பெரிது. பிறகு 5 நாள், யாரும் தொட முடியாது. பிறகு சந்தையில் விழும்.

ஒரு டிரைவிங் ஸ்கூல்காரர் தன் பெயரைத் தானே பார்த்துக்கொள்வதாக வாங்கிப் போனார். பதிவுக்கான ஈமெயிலாக அந்த டொமைனிலேயே உள்ள முகவரியைக் கொடுத்திருந்தார். புதுப்பிக்கச் சொல்லி வந்த முதல் இரண்டு கடிதங்கள் வேலையை விட்டுப் போன ஒரு பையனின் பெட்டியில் விழுந்தன. டொமைன் காலாவதியானதும் ஈமெயிலே நின்றுவிட்டது, மூன்றாவது கடிதம் வரவே வழியில்லை. அவர் கவனித்தபோது பெயர் வேறு யாரிடமோ போய், ரம்மி விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான கார்டுகள் ஊரில் இருந்தன, எல்.எல்.ஆர். போடப் போன பிள்ளைகள் அதை அடித்துப் பார்த்து ரம்மிக்குப் போனார்கள். அதைவிட மோசமானது ஒன்று உண்டு. பெயர் யாரிடம் போகிறதோ அவருக்கு அந்தப் பெயரின் கடிதங்களும் போகும். பாங்க் கணக்குக்குக் கடவுச்சொல் மறந்துவிட்டது என்று ஒரு சொடுக்குச் சொடுக்கினால், திறப்பதற்கான இணைப்பு புது ஆளிடம் போய்ச் சேரும். அன்று இரவே உட்கார்ந்து அவருடைய ஒவ்வொரு கணக்கிலும் ஈமெயிலை மாற்றினோம்.

அதனால் டொமைனுக்கான ஈமெயில் அந்த டொமைனுக்கு வெளியே இருக்க வேண்டும். புது ஆள் பதிந்ததும் 15 நாளுக்குள் உறுதிசெய்யும் கடிதத்தைத் தட்டாவிட்டால் பெயரை நிறுத்திவைப்பார்கள். அந்தக் கடிதத்தை என் கண் முன்னாலேயே திறக்க வைப்பேன். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை நம்பி இருந்தோம். 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் புதிய விதி வந்ததும் வெளிநாட்டுப் பதிவாளர்களுக்குக் கார்டிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்த பணம் பல இடங்களில் நின்றது. அந்த மாதம் என் பட்டியலில் ஒன்பது பெயர்கள் நூலிழையில் தப்பின. அன்றுமுதல் நான் நம்புவது கோடு போட்ட ஒரு நீளக் கணக்கு நோட்டை. பெயர், பதிவாளர், முடியும் தேதி, யார் கையில் சாவி, அவருக்கு ஏதாவது ஆனால் அடுத்து யார். கடைசிக் கட்டத்தை நிரப்ப எல்லோரும் தயங்குகிறார்கள். நிரப்பாமல் நான் வேலையை எடுப்பதில்லை.

வித்துவானுக்கு அந்தக் கட்டத்தில் மகனின் பெயர் இருந்தது. 2022 மார்கழியில் அவர் தவறிப்போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மகன் கடைக்கு வந்தான். அப்பாவின் எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சில மாதத்தில் அது வேறு யாருக்கோ போய்விடும் என்பது அவனுக்குத் தெரியும். அதை அவன் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டிருந்தான். தினமும் நாலைந்து பேர் கூப்பிடுகிறார்களாம். அப்பா இல்லை என்று சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது என்றான்.

"பக்கத்தை எடுத்துடலாமா?" என்று கேட்டேன்.

"எடுக்க வேண்டாம்ணே. அப்பாகிட்டப் படிச்சவங்க நாலு பேரு வாசிக்கிறாங்க. அவங்க நம்பரை அந்த இடத்துல போட முடியுமா? அப்பா பேரை அடிச்சா அவங்க வரட்டும்."

முடியும். நாப்டரில் ஒவ்வொரு வரிக்கும் முன்னுரிமை எண் உண்டு, சிறிய எண் முதலில் வரும். யார் முதலில் என்பதுதான் கேள்வி. அவனால் சொல்ல முடியவில்லை. அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனான். மறுநாள் காலை அந்த அம்மாவே போன் செய்தார். மூத்த சிஷ்யன் பெயரை முதலில் சொன்னார். அவன்தான் பதினொரு வருடம் அந்த வீட்டில் தங்கிப் படித்தவன், கடைசி மூச்சு வரை கூட இருந்தவன் என்றார். பிறகு மற்ற மூன்று பேரையும் படித்து முடித்த வரிசையில் சொன்னார்.

10, 20, 30, 40 என்று எண் கொடுத்தேன். இடையில் இடம் விட்டுத்தான் போடுவோம், பிறகு யாராவது வந்தால் வரிசையைக் கலைக்காமல் சேர்க்கலாம். ஆயுளை 300ல் வைத்து, மகனைக் கடையில் உட்கார வைத்து, அவன் போனில் அப்பாவின் பெயரை அடிக்கச் சொன்னேன். நாலு எண்களும் வந்தன. மூத்தவரைத் தட்டினான். அந்தப் பக்கம் எடுத்தவர் ஏதோ கோயிலில் இருந்தார் போல, பின்னால் தவில் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தது.